ஜனவரி ஒன்றாம் தேதியில் பிறந்தவர்கள்

எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் சித்தி முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. பின்பக்கம் காலியாக இருந்தால் ஒரு கணம் அந்தக் காலியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முன்பக்கத்துக்கு வருவார். நான்காம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையை நீட்டியபோது இதைக் கவனித்தேன். மற்றவர்கள் கணக்கில் எத்தனை என்று தேடினார்கள். சித்தி அட்டையின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

சித்தப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவருக்கு இது தீராத வேடிக்கை. "உங்க சித்தி என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என் முதுகைத்தான் பார்த்தா. எழுத்து ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும் சரின்னுட்டா" என்பார்.

சித்தி முகம் மாறாமல், "அன்னைக்கு நீங்க சட்டை போட்டிருந்தீங்க. இல்லைன்னா யோசிச்சிருப்பேன்" என்பார்.

எங்கள் இரண்டு வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழைக் கொண்டுவந்த அன்று அப்பா அதைத் தொடவே பயந்து இரண்டடி தள்ளி நின்றார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். சித்தி வாங்கியதும் திருப்பினார்.

"லேமினேஷன் போட்டுட்டியா?"

"அழுக்காகாம இருக்கும் சித்தி."

"அது சரி. யாராவது பின்னாடி ஏதாவது எழுதணும்னா எங்க எழுதுவாங்க?"

பட்டத்தின் பின்னால் யார் என்ன எழுதப் போகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. படிக்காதவருக்கு இதெல்லாம் புரியாது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதுவதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்தான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

சித்திக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. கீழ்த்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில் பதிவறை. கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள், அடுக்கெல்லாம் துணி ஒட்டிய தடித்த பதிவேடுகள். ஜன்னல் ஒன்று, அதையும் மழைக்குப் பயந்து பாதி மூடியே வைத்திருப்பார். பெருக்குவது, பூச்சி மருந்து வைப்பது, கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுப்பது, தபால் வாங்கி வைப்பது எல்லாம் அவர்தான். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பதிவறை அக்கா.

அதே கட்டடத்தின் மேல்தளத்தில் நான் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். சித்தி சிபாரிசு செய்யவில்லை. நான் அவருக்குச் சொந்தம் என்பதே பலருக்குப் பல மாதம் தெரியாது. மேலே குளிர்சாதனம், கண்ணாடித் தடுப்பு, செருப்பைக் கழற்றி வைக்கும் இடம். அக்கம்பக்கத்து நாடுகள் நான்கு அப்போது ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. கணினி வழியாக அரசுச் சேவைகளைக் கொடுப்பதில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, ஒரு நாட்டின் பதிவை இன்னொரு நாடு நம்பி ஏற்பது என்று ஏற்பாடு. ஒரு நாட்டில் பிறந்து பக்கத்து நாட்டில் பிழைப்பவர் இனிமேல் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக விடுப்பெடுத்து எல்லை தாண்டி வரிசையில் நிற்க வேண்டாம். இருக்கிற ஊரிலேயே சேவை மையத்தில் கேட்டால், கேள்வி எங்கள் கணினிக்கு வரும், பதில் அடுத்த நொடி அங்கே போகும். அவர்களிடம் உள்ள குடியிருப்புப் பதிவோடு அது பொருந்தினால் திரையில் பச்சை. பொருந்தாவிட்டால் சிவப்பு.

முதல் சோதனை எங்களுக்கும் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் நாட்டுக்கும் இடையில். மொழி ஒன்றுதான், இழுத்துப் பேசுவதில்தான் வித்தியாசம். அனுப்பும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை.

சோதனை தொடங்கி ஒரு மாதத்தில் சிவப்புகள் குவிந்தன. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே எங்கள் அலுவலகப் பதிவுகள். அந்தப் பக்கத்துக் கணினியில் ஒரு விதி இருந்தது: ஒரே அலுவலகத்தின் பதிவுகளில் ஒரே நாளும் மாதமும் அளவுக்கு மீறி வந்தால், அவை கூட்டமாகத் தயாரித்த போலி என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். நிறுத்தப்பட்ட எல்லோரும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். வருடம் மட்டும் வேறு வேறு.

நான் அந்தப் பட்டியலின் தலையில் "எதிர்ப்பக்கக் கோளாறு, விதியை நீக்கக் கேட்க வேண்டும்" என்று எழுதி மேலே அனுப்பினேன். சோதனைக்கு முன்பிருந்தே ஆறு மாதம் அந்த வரிசைகளைப் பார்த்தவள் நான். ஒரு ஊரில் இத்தனை பேர் எப்படி வருடப் பிறப்பன்றே பிறந்தார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது. ஒரு பழைய ஏட்டின் படம் எடுக்க நான் பதிவறைக்குப் போயிருந்தேன். சித்தி தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அந்தக் கரை நாட்டின் தபால்தலை. எழுதியவர் அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. எங்கள் ஊரில் பிறந்து, இருபத்தெட்டு வயதில் அங்கே போய், இருபத்தாறு வருடமாக இருப்பவர். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கச் சேவை மையத்துக்குப் போயிருக்கிறார். திரையில் சிவப்பு வந்ததும் அங்கிருந்த ஊழியர், வரிசையில் நின்றவர்கள் கேட்க, "போலிச் சான்றிதழா?" என்று கேட்டாராம். வரிசையில் காப்பகத்துப் பிள்ளை ஒன்றின் தாயும் நின்றிருக்கிறார்.

சித்தி கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "போலித் தாள் வைத்திருப்பவள் கையில் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பது என்று கேட்கிறார்கள். என்னைக் காப்பகத்துக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை அம்மா. நான் பிறந்த தேதி செப்டம்பர் பதினான்கு. உங்கள் கணினி ஜனவரி ஒன்று என்கிறதாம். இன்னும் பத்து வாரத்தில் என் அனுமதி முடிகிறது."

திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "பதில் போட முடியாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் முழுக்கப் படித்தால் போதும்."

சித்தி எழுந்து போய் ஏணியை நகர்த்தினார். மூன்றாம் அடுக்கிலிருந்து ஒரு ஏட்டை இறக்கி, மேசையில் வைத்து, விரலை எச்சில் படுத்தாமல் ஓர் அட்டைத் துண்டின் நுனியால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆயாவின் வரி கிடைத்தது. அப்பா பெயர், அம்மா பெயர், பதிந்த நாள், எல்லாம் இருந்தன. பிறந்த தேதிக் கட்டம் காலி. சித்தி பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் பழைய மசியில் ஒரு குறிப்பு: "குழாயில் முதன்முதல் தண்ணீர் வந்த அன்று பிறந்ததாகத் தாய் சொல்கிறாள்." அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இந்தப் புள்ளி நான் வெச்சது" என்றார் சித்தி.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற மூன்று பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். சித்தி அதில் ஒருவர். முதல் வாரமே தகராறு. பழைய நாளில் ஊர் ஓரத்துக் குடிசைகளில் பிள்ளை பிறந்தால் மாதம் கழித்துத்தான் சொல்ல வருவார்கள், தேதி தெரியாது. எழுதிய குமாஸ்தா கட்டத்தைக் காலியாக விட்டு, அவர்கள் சொன்னதைப் பின்பக்கத்தில் குறித்துவைத்தார். பாலம் உடைந்த மறுநாள். பள்ளிக்கூடம் திறந்த வாரம். பெரிய காற்றடித்த அன்று சாயங்காலம். கணினிக்கோ காலி பிடிக்காது. தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது. மேலாளரிடம் கேட்டதற்கு, "ஒண்ணாந்தேதி, ஒண்ணாம் மாசம்னு போட்டுட்டுப் போம்மா, நகரட்டும்" என்றார்.

"நீங்க அவர் சொன்னதைத்தானே செஞ்சீங்க?" என்றேன்.

"சொன்னது அவர். போட்டது என் விரல். மத்த ரெண்டு பேர்கிட்ட அந்தக் காலத்து ஏடு போகலை, மொத்தமும் என்கிட்டதான் வந்துச்சு. பொய்யைப் போடறோமேன்னு ஒரு உறுத்தல். எப்பவாவது திருத்துவாங்க, அப்ப தேடத் தெரியணும்னு பின்னாடி ஒரு புள்ளி வெச்சேன். யாரும் வந்து கேக்கலை. நானும் சொல்லலை."

அவர் ஏன் எல்லாத் தாளையும் திருப்பிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் மேலே அனுப்பியிருந்த பட்டியலைப் பற்றிச் சொன்னேன். எதிர்ப்பக்கக் கோளாறு என்று எழுதியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ முன்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கே" என்றார். அதற்குத் திட்டே தேவலை.

புதன்கிழமைதோறும் இரு நாட்டு அலுவலகங்களும் காணொளியில் பேசும். அந்தப் புதனன்று எங்கள் இயக்குநர், நான் அனுப்பிய பட்டியலை வைத்து ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். உங்கள் விதி தவறு, அதை நீக்காவிட்டால் சோதனையைத் தொடர முடியாது என்ற பொருளில். அந்தப் பக்கத்தில் பேசுபவர் அவர்களுடைய பதிவுத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். கேமராவுக்கு மிக நெருங்கி உட்காருவதால் எங்கள் திரை முழுவதும் அவர் தாடிதான் தெரியும். மேல்தளத்தில் அவருக்குத் தாடிக்காரர் என்றே பெயர்.

மாதிரிக்கு ஒரு பழைய ஏட்டைக் காட்டுவதற்காகச் சித்தியை மேலே அழைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். யாரும் நாற்காலி காட்டவில்லை. நானும் எழுந்து என் நாற்காலியைக் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இயக்குநர் கடிதத்தைப் படித்து முடித்தார். தாடிக்காரர், "எட்டு வாரம் தர்றோம் சார். அதுக்குள்ள விளக்கம் வரலைன்னா உங்க அலுவலகப் பதிவுகள் மொத்தத்தையும் நிறுத்தி வைக்கறதைத் தவிர எங்களுக்கு வழியில்லை" என்றார்.

"விளக்கம் உங்க மென்பொருள்லதான் இருக்கு" என்றார் இயக்குநர்.

"இல்லைங்க" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "தப்பு எங்க பக்கம். போட்டது நான்."

இயக்குநர் ஒலியை அணைக்கப் பொத்தானைத் தேடினார். பதற்றத்தில் திரையைப் பெரிதாக்கிவிட்டார். தாடி இன்னும் பெரிதானது.

"யாரு பேசறது?" என்றது தாடி.

"பதிவறையில இருக்கேங்க. அந்த ஆயிரத்து நானூத்துப் பன்னண்டு பேரும் ஒண்ணாம் தேதி பொறக்கலை. தேதி தெரியாதவங்க. தெரியாதுன்னு எழுத எங்க கணினியில இடம் இல்லை, அதனால நான் ஒண்ணு போட்டேன். உங்க விதி சரியாத்தான் பிடிச்சிருக்கு. உங்க ஊர்ல ஒரு ஆயாம்மாவை இதுக்காக வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்தம்மா சொன்ன தேதிதான் உண்மையா இருக்கும்னு தோணுது. எங்களுதுதான் பொய்."

தாடிக்காரர் கேமராவுக்கு இன்னும் நெருங்கி வந்தார். பிறகு, "அக்கா, அந்த ஏட்டோட பின்பக்கத்தைக் கொஞ்சம் கேமராவில காட்டுங்க" என்றார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் சித்தியைக் கூப்பிட்டு, உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னது, ஒரு நாட்டின் மானம் என்று ஒன்று இருக்கிறது, இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. சித்தி அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் காலி. அங்கேயே மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்: "தவறு நான் செய்தது. திருத்த எனக்கு எட்டு வாரம் வேண்டும். ஏணி ஒன்று பழுதாக இருக்கிறது, புதிது வேண்டும்."

அதைப் படித்த இயக்குநருக்கு என்ன ஆயிற்றோ, ஏணி வந்துவிட்டது. எட்டு வாரமும் கிடைத்தது. இந்தக் கணக்கில் அவருக்கும் ஒரு நல்ல பெயர் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் ஆயாவின் வரி. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்த நாள் எது என்று குடிநீர் வாரியத்தில் கேட்டால் கோப்பு இல்லை என்றார்கள். சித்தி என்னை அழைத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டிக்கு நடந்தார். தொட்டியின் அடியில் திறப்பு விழாக் கல் இருந்தது, மேலே பத்து வருட விளம்பரத் தாள்கள். சாவியால் சுரண்டினார். அரை மணி நேரத்தில் எழுத்து தெரிந்தது. செப்டம்பர் பதினான்கு. ஆயாவின் பதிவில் இருந்த அதே வருடம்.

சித்தி கல்லை இரண்டு முறை படித்தார். பிறகு அதன் ஓரத்தில் விரலைவிட்டுப் பார்த்து, "சுவத்தோட பூசிட்டாங்க. பின்னாடி பார்க்க முடியாது போல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "இருபத்தாறு வருஷமா அந்தம்மா உண்மையைச் சொல்லிட்டிருக்கா. இருபத்திரண்டு வருஷமா நான் அவளைப் பொய்யாக்கி வெச்சிருக்கேன்" என்றார்.

கல்லைப் படமெடுத்து, ஏட்டின் இரு பக்கத்தையும் படமெடுத்து அன்றே அனுப்பினோம். மூன்றாம் வாரத்தில் ஆயாவின் பெயருக்கு நேரே பச்சை வந்தது. அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

மீதி ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று. காலை ஒன்பது மணிக்குப் பதிவறையில் சித்தி ஏணி ஏறுவார், பத்தரைக்கெல்லாம் தாடிக்காரர் தொலைபேசியில் வந்துவிடுவார். ஏட்டின் பின்பக்கக் குறிப்பைச் சித்தி படிப்பார். அங்கே அவருடைய ஆட்கள் அந்த மனிதரைத் தேடிப்போய், உங்கள் வீட்டில் உங்கள் பிறப்பைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்று கேட்டுவருவார்கள். அந்தக் குறிப்பும் இந்தப் பேச்சும் பொருந்தினால், அந்த நாளைப் பழைய செய்தித்தாளிலோ பள்ளிக்கூட ஏட்டிலோ தேடுவோம்.

இரண்டு பேருமே ஒருவரையொருவர் மூத்தவர் என்றே வைத்துக்கொண்டார்கள். அவர் அக்கா என்பார், இவர் அண்ணே என்பார்.

"அக்கா, நீங்க எந்த வருஷம்னு ஒருதரம் சொல்லிடுங்க. முடிவு பண்ணிடலாம்."

"என் வருஷத்தையும் நானே கணினியில ஏத்தினேன் அண்ணே. நம்புவீங்களா?"

"உங்க ஏட்டுல ஒருத்தர், 'மாமனார் கோவிச்சுக்கிட்டுப் போன அன்று பிறந்தான்'னு இருக்கே, அதை எந்தச் செய்தித்தாள்ல தேடறது?"

"அந்த மாமனாரைத் தேடுங்க. கோபம் இன்னும் தீராம இருந்தாத் தேதி ஞாபகம் இருக்கும்."

எட்டாம் வாரம் முடியும்போது ஆயாவையும் சேர்த்து அறுநூற்று முப்பத்து மூன்று பேருக்கு உண்மையான தேதி கிடைத்திருந்தது. எழுநூற்று எழுபத்தொன்பது பேருக்கு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மேல்தளத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: சந்தேகம் வராதபடி ஆளுக்கொரு தேதியாகப் பிரித்துப் போட்டுவிடலாம், விதியில் சிக்காது. அந்த யோசனையைச் சொன்ன குழுவில் நானும் இருந்தேன். நிரல் எழுத அரை நாள்தான் ஆகும் என்றுகூடச் சொன்னேன்.

சித்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "அப்ப ஒரு பொய் போட்டேன். அதை எழுநூத்தி எழுபத்தொன்பது பொய்யா மாத்தித் தர்றேங்கறே. பரவாயில்லை, படிச்சவ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். புதன்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு இப்போது நாற்காலி இருந்தது. அவர் தாடிக்காரரிடம் சொன்னார்: தேதி தெரியாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாகவே அனுப்புகிறோம், கூடவே பின்பக்கக் குறிப்பை உள்ளபடி அனுப்புகிறோம், நீங்கள் அதை ஏற்க வேண்டும். அவர்கள் இரண்டு வாரம் யோசித்தார்கள். மற்ற இரண்டு நாடுகளையும் கேட்டார்கள். அந்த நாடுகளிலும் இதே வியாதி இருந்தது தெரியவந்தது. ஒன்றில் ஜூலை ஒன்று, இன்னொன்றில் டிசம்பர் முப்பத்தொன்று. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுக்குள் மூடிவைத்திருந்த பொய்யை, ஒருவர் திறந்ததும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

நான்கு நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட தொழில்நுட்ப விதிகளில் ஏழாவது விதி இன்று இப்படி இருக்கிறது: "அறியாததை அறியாதது என்றே அனுப்புக. குறிப்பு இருப்பின் இணைக்க." அந்த ஆவணத்தின் கடைசியில் பங்களித்தவர்கள் பட்டியல் இரண்டு பக்கம் நீளம். என் பெயர்கூட இருக்கிறது. சித்தியின் பெயர் இல்லை. நான் கோபப்பட்டபோது, "கையெழுத்து முக்கியமா, விதி முக்கியமா? விதியைப் படி" என்று சொல்லிவிட்டுப் பூச்சி மருந்து வைக்கப் போய்விட்டார்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் ஆயாவிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது.

திரையில் பச்சை வந்தது, அனுமதி வந்தது. காப்பகத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் குழந்தைகளோடு அல்ல, பின்னால் துணி துவைக்கும் இடத்தில். தாய்மார்களுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லையாம். காகிதத்தைக் காட்டினால், "இப்போ எல்லாம் எதை வேணும்னாலும் திருத்திடலாமே" என்கிறார்களாம். ஆயா எழுதியிருந்தார்: "உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள்தான் அந்தத் தேதியைப் போட்டவர் என்று இங்கே அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரே ஒரு முறை வாருங்கள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்தில் காப்பக வாசலில் நின்று, தவறு என்னுடையது, இவளுடையது அல்ல என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்."

சித்தி அதைப் படித்துத் திருப்பிப் பார்த்து, பதில் எழுதினார். நான்தான் தபாலில் சேர்த்தேன். "கட்டாயம் வருகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அடுத்த ஆண்டு அந்த நாட்டின் தலைநகரத்தில் கூட்டுக் குழுவின் கூட்டம். தாடிக்காரர் வற்புறுத்திச் சித்தியை அழைத்தார். அலுவலகமே அவருக்கு அரசுப் பணிக்கான கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தது. நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார். பெரிய மண்டபத்தில் ஏணியில் ஏறி வேலை செய்வதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாராம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். தாடிக்காரரை நேரில் பார்த்ததில் அவர்தான் ஏழு மாதம் மூத்தவர் என்று தெரிந்ததாம். ஆயாவின் காப்பகத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன். நேரம் கிடைக்கவில்லை என்றார்.

அதே நகரத்தில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். கடைசி நாளன்று காலையில் கூட்டம் இல்லை. ஆயாவின் காப்பகம் எங்கள் விடுதியிலிருந்து இருபது நிமிடம். வண்டிக்குச் சொல்லிவிட்டேன். சித்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு கீழே வந்தார். வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்தார். வண்டி வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"சித்தி, வண்டி."

"பார்த்தேன்."

"பிள்ளைங்களை விடற நேரம் தாண்டிடும்."

"தெரியும்டீ."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைகள் மடியில் இருந்தன. "அன்னைக்கு அத்தனை அதிகாரிங்க முன்னாடி சொன்னீங்களே. இங்க அஞ்சாறு தாய்மாருங்கதானே" என்றேன்.

"அது வேலை. தப்புன்னா தப்புன்னு சொன்னேன், ஏட்டைக் காட்டினேன். இங்க ஏடு எதைக் காட்டறது? அந்தம்மா முகத்தைப் பார்க்கணும். அவளைத் துணி துவைக்க விட்டது நான்னு அவ முன்னாடி நின்னு சொல்லணும்." வண்டியைப் பார்த்து, "கால் வரலை" என்றார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"நீ போட்டியா?"

இல்லை என்றேன். வண்டியைத் திருப்பி அனுப்பினோம். "இன்னொரு தடவை வரும்போது" என்று அவரே சொன்னார். திரும்பும் வழியில் ஆற்றைக் கடக்கும்வரை அவர் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

இன்னொரு தடவை வரவில்லை. சென்ற ஆண்டுக் கடைசியில் சித்தி ஓய்வு பெற்றார். பணிக்காகக் கொடுத்த கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டார். சொந்தமாக ஒன்று எடுக்க விண்ணப்பத்தை நான் அச்சிட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் படித்து மேசை இழுப்பறையில் வைத்தார். சித்தப்பா வழக்கம்போல் கிண்டல் பண்ணவில்லை. "நான் கூட வர்றேன், வாசல் வரைக்கும்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். சித்தி தலையாட்டினார்.

ஒரு மனிதரை நான் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறேன் என்பதற்கும், அவர் செய்யாமல் விட்ட ஒன்று என்னை இவ்வளவு உறுத்துவதற்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் புதன்கிழமையே வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம். ஏழாவது விதியால் இன்று நான்கு நாடுகளில் எத்தனையோ ஆயிரம் பேர் போலி என்ற பெயரில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் யாருக்கும் சித்தியைத் தெரியாது. தெரிந்த ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது கடிதம் போன மாதம் வந்தது, இம்முறை வீட்டு முகவரிக்கு. ஆயாவுக்கும் இந்த ஆண்டோடு ஓய்வாம். அதற்குப் பிறகு அந்த வாசலில் தனக்கு நிற்க இடமில்லை என்று எழுதியிருக்கிறார். முன்பிருந்த தாய்மார்களில் இரண்டு பேர் இப்போது அடுத்த பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்களாம், அவர்களுக்குத் தன்னை இன்னும் நினைவிருக்கிறதாம். காலை எட்டு மணியிலிருந்து எட்டரை வரை எல்லோரும் வாசலில் இருப்பார்களாம். எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதத்துக்குச் சித்தி இன்னும் பதில் எழுதவில்லை.